கேஸ்லிங்: முதலில் ராஜாவைத் தொட வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பள்ளிகளுக்கு இடையிலான செஸ் போட்டியில், கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்வதற்காக யானையை முதலில் நகர்த்தி வைத்துவிட்டு அப்புறம் ராஜாவைத் தொட்டிருக்கிறான். நடுவர் அதை ஏற்கவில்லை. யானை நகர்ந்ததோடு சரி என்று சொல்லிவிட்டார். அவனுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. அவரோ, “ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம், செக் வாங்கிவிட்டால் அதுவும் போச்சு” என்கிறார். நடுவர் செய்தது சரியா? பையனுக்கு எதைச் சொல்லித் தருவது?

பதில்: நடுவர் செய்தது சரி. உங்கள் அப்பா சொல்வதும் உண்மையான விதிதான். ஆனால் அது வேறு ஆட்டத்தின் விதி.

போட்டிகளில் ஆடுவது உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி. அதில் கேஸ்லிங் என்பது ராஜாவின் நகர்த்தலாகவே கணக்கிடப்படுகிறது. இடம் மாறுவது இரண்டு காய்கள் என்றாலும் நகர்த்தல் ராஜாவுடையது. ஆகவே ராஜாவை முதலில் எடுத்து, யானை இருக்கும் பக்கமாக இரண்டு கட்டம் நகர்த்த வேண்டும். பிறகு ராஜா தாண்டிவந்த கட்டத்தில் யானையை வைக்க வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால் ‘டச் மூவ்’ வந்துவிடும். அந்த யானையைத்தான் ஆட வேண்டும், அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. உங்கள் மகன் வெள்ளைக் காய்களோடு ராஜா பக்கம் கேஸ்லிங் செய்யப் போயிருந்தால், யானை ராஜாவுக்கு அடுத்த கட்டமான எப்1-இல் போய் நின்றிருக்கும், ராஜா தொடக்க இடமான இ1-இலேயே நடுவில் மாட்டியிருக்கும். பிள்ளைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அங்கே நடுவர் இரக்கம் காட்டியிருந்தால் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அநியாயம்.

நேரம் மிச்சமாகட்டும் என்று சில பிள்ளைகள் இரண்டு கையாலும் இரண்டு காய்களையும் ஒரே நேரத்தில் தூக்குகிறார்கள். அப்படி வைத்துக் கடிகாரத்தை அழுத்திவிட்டால் அது முறையற்ற நகர்த்தல். நீண்ட நேர ஆட்டத்தில் முதல் முறைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். இரண்டாம் முறையும் முறையற்ற நகர்த்தல் வந்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும்.

இனி அப்பாவின் விதி. நம் நாட்டில் பழைய முறையில் ஆடியவர்களுக்கு கேஸ்லிங் என்பதே கிடையாது. அதற்குப் பதிலாக ராஜாவுக்கு ஒரு முறை குதிரைத் தாவல் உண்டு, செக் வாங்கும் முன் தாவிக்கொள்ள வேண்டும். சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகாது. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இந்திய முறையில் ஆடிப் பழகியவர்தான். 1929-இல் இங்கிலாந்து போய், அந்த ஊர் விதிகளில் ஆடி, அதே ஆண்டிலும் 1932, 1933-லும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அதனால் தாத்தாவின் ஆட்டத்தைத் தப்பு என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் தாத்தாவோடு அந்த முறையிலும் ஆடட்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ‘ஒரு தடவை செக் வாங்கிய ராஜா அப்புறம் கேஸ்லிங் செய்யக் கூடாது’ என்று நம் பிள்ளைகளில் பலர் நம்புகிறார்கள். பழைய குதிரைத் தாவலின் நிபந்தனை இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். இன்றைய விதியில் அப்படி இல்லை. செக் வந்தபோது ராஜாவை நகர்த்தாமல் வேறு காயை வைத்து மறைத்திருந்தால் உரிமை அப்படியே இருக்கிறது. ராஜாவோ அந்தப் பக்கத்து யானையோ ஒரு முறை நகர்ந்திருந்தால்தான் உரிமை போகும், திரும்பப் பழைய இடத்துக்கு வந்தாலும் கிடைக்காது. மற்றவை அந்த நேரத்துத் தடைகள்: இப்போது செக்கில் இருந்தாலோ, ராஜா தாண்டும் கட்டத்தையோ போய்ச் சேரும் கட்டத்தையோ எதிராளியின் காய் தாக்கினாலோ, இடையில் காய் நின்றாலோ அந்த நகர்த்தலில் முடியாது.

யானை தாக்கப்பட்டால்? தாராளமாகச் செய்யலாம். இதில் பெரிய ஆட்டக்காரருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. 1974-இல் மாஸ்கோவில் கார்ப்போவோடு ஆடிய கோர்ச்னாய், தன் யானை தாக்கப்பட்டிருக்கும்போது கேஸ்லிங் செய்யலாமா என்று நடுவரிடமே கேட்டார். செய்யலாம் என்றார் நடுவர். கோர்ச்னாய் செய்தார், அந்த ஆட்டத்தில் வென்றார். கடிகாரம் ஓடினாலும் பரவாயில்லை, சந்தேகம் வந்தால் நடுவரை அழைத்துக் கேட்கலாம் என்பதை உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் ஆட்டத்தை விடுகிறார்கள்.

இன்னொரு வீட்டுப் பழக்கத்தையும் சேர்த்தே திருத்திவிடுங்கள். சிப்பாய் கடைசிக் கட்டம் சேர்ந்ததும் ராணி கிடைக்காவிட்டால் யானையைத் தலைகீழாக வைத்து ‘இது ராணி’ என்பார்கள். போட்டியில் தலைகீழாக நின்றாலும் யானை யானைதான். கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் ராணியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வாரம் தினமும் பத்து தடவை பலகையில் செய்யச் சொல்லுங்கள்: ஒரே கையால் ராஜாவை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி ஜி1-இல் வைத்து, அதே கையால் யானையை எப்1-க்குக் கொண்டுவந்து, அதே கையால் கடிகாரத்தை அழுத்தட்டும். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஆடிப் பழகும் பிள்ளைகளுக்கு ராஜாவை இழுத்தாலே யானை தானாக வந்துவிடுகிறது. அதனால் இதை மரப் பலகையில், நிஜக் காய்களை வைத்துத்தான் பழக வேண்டும்.