மூளை அலைகளை வைத்து ஒருவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று கணினியால் சரியாகச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆழ்ந்த தூக்கத்துக்குக் கணினிகூட வேண்டாம், திரையில் பெரிது பெரிதாக, மெதுவாகப் புரளும் டெல்டா அலைகளைப் பார்த்துப் புதிதாக வந்தவரே சொல்லிவிடுவார். தகராறு எல்லாம் கண் அயரும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி பார்க்கிறவன். படுத்தவர் கண்ணை மூடியதும் பின்மண்டையில் ஒட்டிய எலக்ட்ரோடுகளில் (மூளையின் மின் அலையைப் பிடிக்கும் சிறு தகடுகள்) சீப்புப் பல் மாதிரி நெருக்கமான அலைகள் எழும், வினாடிக்கு 8 முதல் 13 வரை. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட ஆல்ஃபா அலை இதுதான். அயர அயர சீப்பின் பற்கள் ஒவ்வொன்றாக உதிரும். மூடிய இமைக்குள் விழி மெல்ல ஊஞ்சலாடும்.

மென்பொருள் இரவை 30 வினாடித் துண்டுகளாக வெட்டுகிறது. 8 மணி நேரத்துக்கு 960 துண்டுகள். ஒவ்வொன்றிலும் எந்த வேக அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. பாதித் துண்டுக்கு மேல் ஆல்ஃபா என்றால் விழிப்பு. சரி, ஆனால் பத்தில் ஒருவருக்குக் கண்ணை மூடினாலும் ஆல்ஃபா வருவதில்லையே! கனவுத் தூக்கத்திலோ அலைகள் ஏறக்குறைய விழிப்பு மாதிரியே இருக்கும். அதனால்தான் கண்ணோரத்திலும் தாடையிலும் கூடுதலாக எலக்ட்ரோடு ஒட்டுகிறோம். கனவு காண்பவரின் தாடைத் தசை தொய்ந்து கிடக்கும்.

ஒரு நாள் ஏசி நின்றுபோனது. முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் ஆழ்ந்த தூக்கம் என்று மென்பொருள் எழுதி வைத்திருந்தது. வீடியோவைப் பார்த்தால் மனிதர் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு புழுங்கிக்கொண்டிருக்கிறார்! எலக்ட்ரோடுக்கு அடியில் வியர்வை தேங்கினால் கோடு மெதுவாக ஏறி இறங்கும். அதைத்தான் டெல்டா என்று எண்ணிவிட்டது. அன்றிலிருந்து மென்பொருள் போட்ட முடிவை அலைகளோடு ஒருமுறை ஒப்பிடாமல் நான் விடுவதில்லை.

அதற்காகக் கணினியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதல் கட்ட இளந்தூக்கத்தை அனுபவசாலிகள் இருவர் தனித்தனியாகக் குறித்தாலே அடிக்கடி ஒத்துப்போகாது. அந்தக் கட்டத்தில் எழுப்பினால், “நான் எங்கே தூங்கினேன்?” என்பவர்கள்தான் அதிகம். காலையில் வயர்களைக் கழற்றும்போது, “ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை சார்” என்பார்கள். நான் வாதாடுவதில்லை, அதையும் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவேன்.