கிரியாட்டினின் நார்மல் என்றால் போதுமா? சிறுநீரகம்: வாசகர் கேள்வி-பதில்

சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு சேர்த்தால் பி.பி. ஏறாது என்கிறார்களே? (மாட்டுங்கா வாசகி)

ஏறும். இந்துப்பிலும் இருப்பது சோடியம்தான். எந்த உப்பானாலும் நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

வயது 46. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., பி.பி. 138/88, வெறும் வயிற்றில் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 190. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 0.9. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாமா? (செம்பூர் வாசகர்)

இருக்க முடியாது. இடுப்பு, பி.பி., சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு (HDL) என்ற ஐந்து அளவுகோல்களில் மூன்று மீறினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் (வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் கூட்டு). நீங்கள் எழுதியதிலேயே நான்கு மீறியிருக்கின்றன. வயிற்றுக் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காமை), ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. ஆரம்பத்தில் அவை வழக்கத்தைவிட அதிகமாகவே உழைக்கும். அதனால் கிரியாட்டினின் அழகாகத் தெரியும். அது கண்ணில் படும்படி ஏறுவதற்குள் கிட்டத்தட்டப் பாதித் திறன் போயிருக்கும்.

முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை! ‘முழு உடல் பரிசோதனை’ என்று பத்துப் பக்க அறிக்கையோடு வருகிறார்கள். புரட்டிப் பார்த்தால் வைட்டமின்கள் எல்லாம் இருக்கின்றன, ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் இல்லை. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் ‘புரதம் இல்லை’ என்று வந்திருப்பதைக் காட்டி வாதாடாதீர்கள். சிறு கசிவு அதில் தப்பிவிடும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது வேண்டாம். விகிதம் 30 மி.கி./கிராமுக்கு மேல் வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் எடையும் பி.பி.யும் குறையக் குறையக் கசிவும் குறையும். பிந்திவிட்டால் இழந்த திறன் திரும்பாது. ஆண்டுக்கொரு முறை இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

என் இடுப்பு 34 அங்குலம்தான். எனக்குக் கவலை இல்லையே? (முலுண்ட் வாசகர்)

அது உங்கள் பேண்ட்டின் அளவு. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவதை வைத்துக் கணக்குச் சொல்லாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அளவெடுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

கொஞ்சம் சுகர், கொஞ்சம் பிரஷர். கிட்னிக்கு நல்ல மருந்து சொல்லுங்கள். (டோம்பிவிலி)

வயது இல்லை, அளவுகள் இல்லை, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் இல்லை. ‘கொஞ்சம்’ என்பதை வைத்து நான் என்ன சொல்வது? அறிக்கைகளோடு மீண்டும் எழுதுங்கள்.

தாராவியில் தையல் வேலை. பி.பி. உண்டு. முதுகுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறேன். தவறா?

தவறு. இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பி.பி.யையும் ஏற்றும். முதுகை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. பி.பி. மாத்திரையான டெல்மிசார்ட்டன் கிட்னியைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் நிறுத்திவிட்டோம். (சயான் வாசகி)

அது ஆல்புமின் கசிவைக் குறைக்கும் மருந்து அம்மா! மருத்துவரைப் பார்த்து மீண்டும் தொடங்குங்கள். தொடங்கி இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் சற்று ஏறினால் பதற வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சில நாள் நிறுத்திவைக்கலாம். கூடவே வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்.