நேரில் போய்க் கேட்டு நீங்கள் ஏமாந்த இசை நிகழ்ச்சி எது?

கேள்வி கேட்டவர் இளைஞர் என்று நினைக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஏதோ ஒரு மைதானத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கி, மேடை கண்ணுக்கே தெரியாத மூலையில் கால்கடுக்க நின்றுவிட்டு வந்திருப்பீர்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நான் போனது சின்ன அரங்கம். டிக்கெட் 400 ரூபாய்தான், உட்கார நல்ல நாற்காலியும் கிடைத்தது. ஆனாலும் அந்த மாலையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2022 டிசம்பர். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 76. திருவாவடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த மண் அது. நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டையும் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். செய்தித்தாளில் வந்த அந்தத் துண்டை அப்பா நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்திருந்தார். 1956-இல் பிள்ளை மறைந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. அதற்கு முன்பு ஒரு கோவில் திருவிழாவில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அவர் வாசித்த தோடி ராகத்தைக் கேட்டதாகச் சொல்வார். பாதித் தூக்கத்தில் கேட்டிருப்பார், ஆனால் எழுபது வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மயிலாப்பூரில் ஒரு சபாவில் மாலை 4.30 முதல் 6 வரை நாதஸ்வரம், 6.15-க்கு வாய்ப்பாட்டு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். வித்வான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தோடியில் பெயர் எடுத்தவர். அப்பா மூன்று மணிக்கே வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

சபாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கேயே அருமையான கச்சேரிகளும் கேட்டிருக்கிறேன். ‘பெயரைச் சொல்லாமல் குற்றம் சாட்டாதே’ என்று யாராவது பின்னூட்டம் போட்டால் போடட்டும்.

முதலில் மைக். சுமார் 300 பேர் உட்காரும் அரங்கம் அது. ஊரின் ஒரு கோடியில் வாசித்தால் மறு கோடிக்குக் கேட்கும் வாத்தியத்துக்கு அங்கே மைக் எதற்கு? அதை நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணசுக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கம்பீர நாட்டை ராகத்தில், தொடக்கத்தில் வாசிக்கும் மல்லாரி தொடங்கியதும் ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. தவிலுக்கும் தனியாக இரண்டு மைக். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கழியின் அடி நெஞ்சில் இடித்ததே தவிர, வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்தவரிடம் போய், “ஐயா, கொஞ்சம் குறைக்க முடியுமா?” என்று கேட்டேன். “செட் பண்ணியாகிவிட்டது சார்” என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் நாற்காலியில் அப்பா இல்லை. வெளித் தாழ்வாரத்தில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “இங்கிருந்து கேள் தம்பி, சரியாக இருக்கிறது” என்றார். உண்மைதான். சுவரைத் தாண்டி வரும்போது அந்த இரைச்சல் அடங்கி நாதம் மட்டும் வந்தது.

5.15-க்குத் தோடி தொடங்கியது. நாங்கள் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தோம். வித்வான் கீழ் ஸ்தாயியில் அவசரமே படாமல் ராகத்தை விரித்தார். இடையில் ஒரு முறை நிறுத்தி, நூலில் தொங்கிய ஊசியால், வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் சரிசெய்து, உதட்டில் நனைத்துப் பார்த்து, விட்ட ஸ்வரத்திலேயே மீண்டும் பிடித்தார். பஞ்சமத்தில் நின்றபோது அப்பாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. வித்வான் மேல் ஷட்ஜத்துக்குப் போகும் வழியை ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொண்டிருந்தார். தவில் வித்வான்கள் இருவரும் விரல்களில் கூடு, அதாவது கெட்டியான விரல் உறை, மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

மணி 5.25. மேடை ஓரத்தில் நிர்வாகி ஒருவர் வந்து குனிந்து நின்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். தலைமை விருந்தினர் வந்துவிட்டாராம்.

வித்வான் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டே மூச்சில் ராகத்தை இறக்கி முடித்துவிட்டார். கீர்த்தனை இல்லை, தவிலின் தனி ஆவர்த்தனமும் இல்லை. தவில்காரர்களில் இளையவர் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சின்னத் தகர டப்பாவில் போட்டார். ஒவ்வொன்றும் டப்பாவில் விழும் சத்தம் மைக்கில் கேட்டது. அதைமட்டும் அந்த மைக் துல்லியமாகப் பிடித்தது.

அதற்குப் பிறகு 55 நிமிடம் பேச்சு. பாரம்பரியம், பண்பாடு, நாதஸ்வரத்தைக் காப்பாற்ற வேண்டிய கடமை. நான் மிகைப்படுத்தவில்லை, நாதஸ்வரத்தைக் காப்பாற்றுவது பற்றித்தான் பேசினார்கள். நாதஸ்வரக்காரர்கள் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது பேருக்குப் பொன்னாடை. மேடையில் வாசித்த நால்வரில் ஒருவருக்கு மட்டும்தான் போர்த்தினார்கள். தவில்காரர்களின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

வாய்ப்பாட்டுக்கு எதிரி என்று என்னை நினைக்க வேண்டாம். அன்றைக்குப் பாட வந்தவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவரும் காத்துக்கொண்டுதான் இருந்தார். விருந்தினருக்கு நெரிசலில் தாமதம் ஆகியிருக்கலாம். அப்படியானால் பேச்சைக் குறைத்திருக்க வேண்டும். எப்போதும் நாதஸ்வரத்தில்தான் கை வைக்கிறார்கள். ‘மங்கல இசை’ என்று பெயர் வைத்து முதல் நாளில் வாசிக்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டும் விசாரித்துக்கொண்டும் இருக்கிறோம். கல்யாணத்தில் கெட்டி மேளம் கொட்ட மட்டும் அவர்களைத் தேடுகிறோம். மற்ற வாத்தியக்காரர் எவரையாவது ஆலாபனை நடுவில் கடிகாரத்தைக் காட்டி எழுப்புவார்களா?

பாட்டுக்கு இருக்கலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். வாசலில் ஏழு படிகள், பிடித்து இறங்க ஒரு கம்பி கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். சைதாப்பேட்டைக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றால் சிரிக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013-இல் அரசு வைத்த கட்டணமே அன்றும் இருந்தது. அதை ஒன்பது வருடமாகத் திருத்தாமல் வைத்திருந்தால் மீட்டரை யார் போடுவார்கள்? தினம் தினம் தெருவில் பேரம் பேசுவது முதியவர்கள்தான்.

ஆட்டோவில் அப்பா ஒன்றுதான் சொன்னார். “இரண்டு மூச்சில் எப்படி இறக்கினார் பார்த்தாயா? ஒரு பிசிறு இல்லை. பெரிய வித்வான்.” நந்தனம் தாண்டும்வரை வேறு பேச்சு இல்லை.

இரண்டு நாள் கழித்து சபாவுக்குக் கடிதம் எழுதினேன், டிக்கெட் நகலையும் வைத்து. பணத்தைக் கேட்கவில்லை. அந்த வித்வானை மறுபடி அழைத்து, மைக் இல்லாமல், முழு ஒன்றரை மணி நேரம் வாசிக்க விடுங்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. மறு வருடமும் எழுதினேன். இந்த மார்கழிக்கும் எழுதப் போகிறேன். நீங்களும் டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் அமைப்பாளருக்கு எழுதுங்கள், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று வரிசையாக. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.