கொண்டை ஊசியும் 400 குதிரையும்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும், கோவை, திருப்பூர் பக்கமிருந்து அடிக்கடி ஏறி வருபவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக் கடிதங்கள் பிரேக் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கே: ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக இறங்கும்போது பர்லியாறு நெருங்கினால் கருகல் வாடை வருகிறது. டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் பிரேக் மிதியும் ஸ்டியரிங்கும் நடுங்குகின்றன. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க ஆறு பிஸ்டன் காலிப்பர், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய டிஸ்க் இருந்தும் ஏன் இப்படி? ‘டிஸ்க் வளைந்துவிட்டது, நான்கையும் மாற்றுங்கள்’ என்கிறார்கள். — கோவை

ப: மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். 1,600 கிலோ கார் இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது விடுகிற ஆற்றல் ஏறக்குறைய 30 மெகாஜூல். நூறு கி.மீ. வேகத்திலிருந்து அதே காரை 48 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். டயர் உருள்வதிலும் காற்றைத் தள்ளுவதிலும் ஒரு நல்ல பங்கு கரைந்துவிடும். மீதியை ஒன்று இன்ஜின் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்.

பெரிய பிரேக் என்பது பெரிய வேகத்துக்குச் செய்தது. பம்பரில் இருக்கிற காற்றுக் குழாய்கள் 100, 150 கி.மீ. வேகத்தில்தான் டிஸ்க்கைக் குளிர்விக்கும். மரப்பாலம் பக்கம் லாரிக்குப் பின்னால் 25 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அந்தக் குழாயில் காற்றே போகாது. அதிலும் மிதியை லேசாக அழுத்தியபடியே வருவதுதான் மோசம். டிஸ்க்குக்கு மூச்சு விட நேரமே கிடைப்பதில்லை.

நடுக்கத்துக்கு வருவோம். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. கொதிக்கிற டிஸ்க்கைப் பேடு கவ்விப் பிடித்தபடி நிறுத்தினால், பேடின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு பேடில் இடிக்கும். நீங்கள் டீக்கடையில் மிதித்து நின்ற இடம்தான் காரணம். டிஸ்க்கைக் காரிலேயே வைத்து டயல் கேஜில் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் டிஸ்க் நேராகத்தான் இருக்கிறது. தடிமனையும் அளக்க வேண்டும். எவ்வளவு வரை தேயலாம் என்பதை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். இரண்டும் சரியென்றால், பின்னால் வண்டி வராத சமதளச் சாலையில் 80லிருந்து 20 கி.மீ. வரை அழுத்தமாகக் குறைப்பதை எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். இடையில் முழுசாக நிற்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். லேசான திட்டு இதிலேயே போய்விடும். போகாவிட்டால் டிஸ்க்கின் மேற்பரப்பைக் கடைசலில் சீவுவது, அதன் பிறகுதான் புது டிஸ்க்.

இறங்கும்போது ‘டி’யில் விடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது மேல் கியருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ, 3,000 முதல் 4,000 சுற்றில் வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்து கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் போடுகிற சத்தத்துக்குச் செலவே இல்லை. வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி, உடனே முழுசாக விடுவது. கல்லாறு தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வருகிற சமதளத்தில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவிட்டு, அதன் பிறகு நிறுத்துங்கள். நிறுத்தியதும் ‘பி’யில் போட்டுக் காலை எடுத்துவிட வேண்டும்.

பிரேக் ஆயில்: டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியபின் அதன் வரம்பு 155 டிகிரிதான். டாட் 5.1க்கு 260, 180. வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நீலகிரி ஈரத்துக்கு வருடம் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் மாற்றுங்கள். மிதி பஞ்சுபோல் இறங்கினால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டது என்று பொருள். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. மருந்து வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. ஊட்டியில் பிரேக் மிதி சற்றுக் கடினமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மிதிக்குக் கைகொடுக்கிற வெற்றிட பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தில் வேலை செய்கிறது. மேலே அந்த அழுத்தமே கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. இன்ஜின் பிடிப்பும் அதே காரணத்தால் மேலே கொஞ்சம் தளரும். இறங்க இறங்கக் கூடும்.

கே: என் கார் 400 எச்.பி. ஊட்டியில் மட்டும் சோம்பலாக இருக்கிறது. இன்ஜின் கணினியின் நிரலை மாற்றி ரீமேப் செய்யலாமா? — குன்னூர்

ப: காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் என்றால், 2,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் உங்கள் 400 அங்கே 320 பக்கம்தான். எந்த ரீமேப்பும் இல்லாத காற்றை வரவழைக்காது. டர்போ என்றால் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் டர்பைன் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டுவதால், கொண்டை ஊசியிலிருந்து வெளியே வரும்போது ஒரு நொடித் தயக்கம் இருக்கும். அதற்கு மருந்து ஒரு கியர் கீழே. டர்போகாரர்கள் பெட்ரோலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மூடியில் எழுதியிருக்கிற ஆக்டேன் எண்ணுக்குக் குறையாமல் கோவையிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். உண்மையைச் சொன்னால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே 200 எச்.பி.யே மிச்சம். அங்கே நீங்கள் பயன்படுத்தப்போவது பிரேக்கும் டயரும்தான்.

கே: கீழே 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர் அழுத்தத்தை ஊட்டியில் எவ்வளவு மாற்ற வேண்டும்? நைட்ரஜன் அடித்தால் மாறாதாமே? — திருப்பூர்

ப: மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். 32 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குப் போவதால் டயருக்குள் ஏறக்குறைய 3 குறைய வேண்டும். இரண்டும் அடித்துப்போய், ஆறிய டயரில் அதே 33 பக்கமே காட்டும். யாரும் தொடாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

தொடும்போதுதான் வில்லங்கம். கோவையிலிருந்து ஓட்டிவந்த சூட்டோடு மேட்டுப்பாளையம் பங்கில் அளந்தால் 37 காட்டும். ‘அதிகமா இருக்குங்க சார்’ என்று பையன் 33க்கு இறக்கிவிடுவான். மறுநாள் காலை ஊட்டிக் குளிரில் பார்த்தால் 29, 30. அகலமான டயர் அந்த அழுத்தத்தில் பக்கவாட்டில் நெளியும், ஓரம் தேயும், குழியில் விழுந்தால் ரிம் அடிபடும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில், சொந்த கேஜில் அளப்பது ஒன்றே வழி. நைட்ரஜனும் வெப்பத்துக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் வாயுதான். ஈரம் இல்லாதது அதன் முக்கிய நன்மை.

கே: டிசம்பர் காலையில் வீட்டு வாசலில் முழுத் திருப்பம் திருப்பினால் முன்சக்கரம் தத்தித் தத்திப் போகிறது. டிஃபரென்ஷியல் போய்விட்டதா? — ஊட்டி

ப: இல்லை. அகலமான முன் டயர் உள்ள கார்களில், முழுத் திருப்பத்தில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் தேவையான கோணத்தில் திரும்புவதில்லை. ஒன்று சற்று இழுபடும். வெயிலில் ரப்பர் வளைந்து கொடுக்கும், குளிரில் கொடுக்காமல் குதிக்கும். கோடைக்கால ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைப்பது தெரிந்த விஷயம். தலைகுந்தாவில் உறைபனி விழுகிற காலைகளில் உங்கள் டயருக்குப் பிடிப்பும் குறைவு. திருப்பத்தைக் கால் சுற்று குறைத்துக்கொள்ளுங்கள், முதல் பத்து கி.மீ. பொறுமையாகப் போங்கள்.

அதோடு ஒன்றைக் கவனியுங்கள். ஊட்டியிலிருந்து கிளம்பினால் எடுத்ததுமே இறக்கம், இன்ஜினுக்குச் சுமை இல்லை. கூலண்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் குன்னூர் வரைக்கும் முழுசாகச் சூடாகியிருக்காது. ஆயில் 80 டிகிரி தாண்டும் வரை 3,500 சுற்றுக்கு மேல் வேண்டாம். தினமும் ஊருக்குள் சேரிங் கிராஸ் வரை போய்த் திரும்புகிற காரில் ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் படிவதும் இதனால்தான். ஆயிலில் கலந்த நீர் ஆவியாகப் போதிய சூடு கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு கி.மீ. கணக்கு பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

கே: துணிக்கூரை உள்ள இரண்டு சீட் கார். மழை முடிந்ததும் ஒருநாள் காருக்குச் சாவியையே அடையாளம் தெரியவில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம். கூரை எங்கும் கிழியவில்லை. — கோத்தகிரி

ப: கூரை கிழிந்திருக்காது, வடிகால் அடைத்திருக்கும். மடங்குகிற கூரையின் இரு பக்கமும் தண்ணீரைக் கீழே இறக்கச் சிறு குழாய்கள் உண்டு. சீகை, சில்வர் ஓக், யூகலிப்டஸ் என்று எந்த மரத்தடியில் நிறுத்தினாலும் இலையும் பட்டையும் மட்கி அதில் சேறாக இறங்கும். அடைத்ததும் தண்ணீர் உள்ளே வழிகிறது. பழைய போர்ஷே பாக்ஸ்டர்களில் சாவியை அடையாளம் காணும் கன்ட்ரோல் பெட்டி சீட்டுக்கு அடியில், தரைமட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் பிடிப்பது அதைத்தான். உங்கள் காரிலும் அதே கதையாக இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஈரத்தோடு ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெட்டியைக் கொல்லும். சீட்டை எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற ஸ்பான்ஜைத் தனியாகக் காய வையுங்கள். மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததாகத் தெரியும், அடியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் நிற்கும். பெட்டியைத் திறந்து, இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிது வாங்கினால் சாவியோடு சேர்த்து நிரலேற்ற வேண்டியிருக்கும், செலவு அதிகம்.

இனிமேல் மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கொட்டும் என்பதால் உங்களுக்கு இரண்டாவது தவணை முக்கியம். வளைகிற நைலான் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றி எடுத்து, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் கொட்டுகிறதா என்று பாருங்கள். கம்பிரஸர் காற்றை அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தின் வடிகாலும் முன்பம்பரின் ரேடியேட்டர் வாய்களும் இதே கணக்குதான். ரேடியேட்டர் முன்னால் மட்கிய இலை நின்றால் தகட்டை அரிக்கும். வண்டிக்குமேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துத் தோலுக்கும் தையலுக்கும் பூஞ்சை பிடிக்க வைப்பது அதுதான்.

கே: சீசனில் குன்னூர் ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் ‘கிளட்ச் சூடு’ என்று எச்சரிக்கை வருகிறது. — ஈரோடு

ப: இரட்டை கிளட்ச் கியர் பெட்டியில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிறுத்துகிறீர்கள். கிளட்ச் அங்கே அரைபடுகிறது. முன்வண்டி இரண்டு கார் நீளம் போகட்டும், ஒரே மூச்சில் நகர்ந்து பிரேக்கில் நில்லுங்கள். எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, நியூட்ரலில், இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என்றால் அந்த ஓட்டத்தில்தான் ஆறும்.

கே: வேகத்தடைகளில் அடி தட்டுகிறது. — கேத்தி

ப: இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படியே போட்டிருந்தால் தரையிலிருந்து 12 செ.மீ. இடைவெளி உள்ள காரும் தாண்டிவிடும். ஊருக்குள் போடுகிறவர்கள் உயரத்தைக் கூட்டி அகலத்தைக் குறைப்பதால்தான் தட்டுகிறது. முன்பகுதியைத் தூக்கும் வசதி இருந்தால் சுமார் 40 மி.மீ. கிடைக்கும், தடைக்கு முன்பே அழுத்துங்கள். வயிறு தட்டுகிற குறுகிய மேட்டில் ஆளில்லா நேரம் பார்த்துச் சாய்வாக ஏறுங்கள். தட்டிய அன்றே அடித்தட்டின் திருகுகளைப் பாருங்கள். ஒன்று கழன்றால் காற்று மீதியைப் பிய்த்துவிடும். வீட்டு வாசல் செங்குத்தாக இருந்தால் தொடக்கத்தில் 4 செ.மீ. தடிப்பலகை இரண்டு போதும்.

கே: ஒரு மாதம் நிறுத்திவிட்டு வந்தால் பேட்டரி காலி. பேட்டரியோ முன் டிக்கியில், டிக்கியோ மின்சாரத்தில் திறப்பது! — குன்னூர்

ப: 997, 987 வகை போர்ஷேக்களில் ஃப்யூஸ் பெட்டியில் இழுத்து வெளியே எடுக்கும் பாசிட்டிவ் முனை ஒன்று உண்டு. வேறொரு பேட்டரியின் சிவப்பு வயரை அதில், கறுப்பை கதவு கொக்கி மாட்டும் இரும்பில் வைத்தால் டிக்கி திறக்கும். அலாரம் அலறும், சாவியால் அடக்குங்கள். இந்த இணைப்பில் ஸ்டார்ட் செய்யாதீர்கள், வயர் தாங்காது. மற்ற கார்களுக்குக் கையேட்டைப் பார்த்து இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது பேட்டரியை நிரம்பியபடியே வைத்திருக்கும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கே: கல்லட்டி வழியாக மசினகுடி இறங்க ஆசை. — சென்னை

ப: அந்த 36 கொண்டை ஊசிகளில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை. கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸை மறக்க வேண்டாம். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வேகம்தான் வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிச் சாலையில் இரவு மூடுபனியில் காட்டெருமை நடுரோட்டில் நிற்கும். கறுப்பு உடம்பு விளக்கில் தெரியாது, முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைதான் முதலில் கண்ணில் படும். தாழ்ந்த காரில் மோதினால் அது பானெட் மேலாகக் கண்ணாடியில்தான் வந்து விழும்.