கார் செட்டில் நம்ம பாட்டு: கேள்வி பதில்

தருமபுரியில் 18 வருஷமாக கார் ஆடியோ வேலை பார்க்கிறேன். "பென் டிரைவில் பாட்டு சரியாக வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிற பத்து வண்டிகளில் எட்டில் செட்டைக் கழற்ற வேண்டிய வேலையே இருக்காது. பென் டிரைவைச் சரி செய்தால் போதும். அதை அவரவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்தப் பதில்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தருமபுரி, வாடகைக் கார் ஓட்டுநர்: அண்ணா, பாட்டுக்கு 1, 2, 3 என்று நம்பர் போட்டுத்தான் ஏற்றினேன். லேப்டாப்பில் வரிசை சரியாக இருக்கிறது. காரில் 1, 10, 11, 2 என்று ஓடுகிறது. சில ஃபோல்டரில் அந்த வரிசையும் இல்லை. செட் பழுதா?

பழுது இல்லை தம்பி. செட் நம்பரை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. 10-ல் முதல் எழுத்து 1 என்பதால் அது 2-க்கு முன்னால் வந்துவிடும். 001, 002, 010 என்று மூன்று இலக்கமாக எழுதினால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

"சில ஃபோல்டரில் அந்த வரிசையும் இல்லை" என்கிறீர்களே, அது வேறு விஷயம். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவுக்குள் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, முதலில் வந்த பெயர் முதலில் இருக்கும். லேப்டாப் அதை அகரவரிசையாக்கி நமக்குக் காட்டுகிறது. பல கார் செட்கள் அந்த வேலையைச் செய்வதில்லை, நோட்டில் இருக்கிறபடியே வாசிக்கும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டு வேறு பாட்டை ஏற்றினால், புதிய பாட்டு அந்தக் காலி வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் நேற்று ஏற்றிய பாட்டு ஃபோல்டருக்கு நடுவில் ஒலிக்கிறது.

பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டு, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக, நீங்கள் கேட்க விரும்பும் வரிசையிலேயே ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் டிரைவ்சார்ட் என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால், அந்த உள்பட்டியலையே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேட்சார்ட் இருக்கிறது. இதற்குப் பிறகும் குழப்பமாகவே இருந்தால், உங்கள் செட் ஃபைல் பெயரைப் பார்க்காமல் பாட்டு ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பெயர், ஆர்ட்டிஸ்ட் போன்ற குறிப்பை, அதாவது டேக்கைப் பார்க்கிறது என்று அர்த்தம். மெனுவில் ஃபோல்டர் வழியாகப் பாடும் முறைக்கு மாற்றுங்கள்.

ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் ஒன்று. காரில் இருக்கும் பென் டிரைவ் நகல்தான், அசல் வீட்டில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் கிடக்கும் பொருளை நம்பி இருபது வருஷச் சேகரிப்பை விட்டுவைக்காதீர்கள்.

பாலக்கோடு: 128 ஜிபி பென் டிரைவ் புதிதாக வாங்கினேன். செருகினால் எதுவுமே வரவில்லை. பழைய 16 ஜிபி ஓடுகிறது.

64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பழைய செட்டுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி வெகு காலமாக 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டியதில்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளில் அதைச் செய்யலாம். ஆனால் 128 ஜிபி எதற்கு? 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. அப்படியானால் 32 ஜிபியிலேயே 2,600 பாட்டு பிடிக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடவிட்டாலும் ஒரு பாட்டு திரும்ப வர 27 நாள் ஆகும்.

ஓசூர்: டிக்கியில் சப் ஊஃபர் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வைத்தால் பேட்டரி தாங்குமா?

வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரி: என்னிடம் இளையராஜா பாட்டு மட்டும் 900 இருக்கிறது. காரில் 'ஆர்ட்டிஸ்ட்' பட்டியலில் இளையராஜா என்று தொட்டால் 40 பாட்டுதான் வருகிறது. மீதி எங்கே?

அருமையான கேள்வி. மீதி 860 பாட்டும் உள்ளேதான் இருக்கின்றன, வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன.

எம்பி3 ஃபைலுக்குள் பாட்டின் பெயர், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஆண்டு எல்லாம் எழுதி வைக்க இடம் உண்டு, அதைத்தான் டேக் என்கிறோம். இந்த முறையை உண்டாக்கியவர்கள் மேல்நாட்டு இசையை மனதில் வைத்திருந்தார்கள். அங்கே பாடுகிறவரோ குழுவோதான் ஆர்ட்டிஸ்ட், ஆல்பமும் அவர்களுடையது. நம் சினிமாப் பாட்டில் ஆல்பம் என்பது படம், அதில் ஐந்தாறு பாடகர்கள் இருப்பார்கள், இசையமைப்பாளர் ஒருவர். பாட்டை ஏற்றியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டார்கள். ஒரு பாட்டில் ஆர்ட்டிஸ்ட் எஸ்.பி.பி., இன்னொன்றில் 'எஸ்.பி.பி., ஜானகி'. செட்டுக்கு இரண்டாவது பெயர் தனி ஆள். இசையமைப்பாளர் பெயரையே எழுதிய பாட்டிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் நாலு விதமாக இருக்கும், பட்டியலில் நாலு இளையராஜா நிற்பார். பாதிப் பாட்டில் அந்த இடத்தில் இணையதள விளம்பரம்தான் இருக்கிறது.

எம்பி3டேக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. 900 பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர் என்ற இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இளையராஜா என்று போடுங்கள். உங்கள் செட்டில் கம்போசர் பட்டியல் இல்லையென்றால் ஆர்ட்டிஸ்ட் இடத்திலும் அவர் பெயரையே போட்டுவிடுங்கள். பாடகர் பெயரைக் குறிப்பு என்ற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சேமிக்கும்போது, டேக் எழுதும் முறையான ஐடி3-இன் 2.3 பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். 2.4-ஐப் பல செட்கள் சரியாகப் படிப்பதில்லை.

ஓசூர், இன்னொருவர்: பாடகர் பெயரை எடுத்துவிட்டு இசையமைப்பாளர் பெயரைப் போடச் சொல்வது அநியாயம். நான் டி.எம்.எஸ். ரசிகன். குரலுக்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள் பிடிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஜோடிப் பாட்டை என்ன செய்வீர்கள்? டி.எம்.எஸ்., சுசீலா சேர்ந்து பாடியது யார் கணக்கில் வரும்? இரண்டு பெயரையும் எழுதினால் செட் மூன்றாவதாக ஒரு ஆளைப் படைத்துவிடும். இசையமைப்பாளர் என்றால் ஒரு பாட்டுக்கு ஒரு பெயரோடு முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

மீண்டும் அவரே: ஒரு பெயரா? விஸ்வநாதன்–ராமமூர்த்தியை எங்கே வைப்பீர்கள்?

நியாயமான அடி. 1965-இல் பிரியும் வரை இருவரும் சேர்ந்துதான் இசையமைத்தார்கள். அதற்கப்புறம் எம்.எஸ்.வி. தனி, ராமமூர்த்தி தனி. என் சொந்தச் சேகரிப்பில் மூன்று பெயராகத்தான் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எம்.எஸ்.வி. என்று போட்டுவிட்டால் தேட வசதிதான், ஆனால் ராமமூர்த்தியின் பங்கை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

காவேரிப்பட்டணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: இருவர் சொல்வதும் எங்கள் தலைமுறைக்குப் பொருந்தாது. நாங்கள் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றுதான் கேட்டு வளர்ந்தோம். கேசட் கடையிலும் அப்படித்தான் அடுக்கியிருப்பார்கள். டி.எம்.எஸ். இருவருக்கும்தான் பாடினார். குரலை வைத்துப் பிரித்தால் எனக்குக் கலந்துதானே வரும்?

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. மூன்றுக்கும் இடம் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. டேக்கில் 'ஜான்ரா', அதாவது இசை வகை, என்று ஓர் இடம் உண்டு. கர்னாடகம், கிராமியம் என்று எழுதுவதற்கான இடம். நம்மில் யாரும் அதைத் தொடுவதே இல்லை. எம்.ஜி.ஆர். பாட்டு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அங்கே எம்.ஜி.ஆர். என்று எழுதுங்கள். பெரும்பாலான செட்களில் ஜான்ரா பட்டியல் இருக்கிறது, தொட்டால் மொத்தமும் வந்துவிடும். செட்டில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்குள் தமிழ் எழுத்துரு இல்லை, ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியதுதான்.

ஓசூர்க்காரருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆர்ட்டிஸ்டில் டி.எம்.எஸ்., கம்போசரில் எம்.எஸ்.வி., ஜான்ராவில் எம்.ஜி.ஆர். என்று எழுதுங்கள். ஜோடிப் பாட்டில் முதல் குரலை மட்டும் எழுதுங்கள். இதற்கு மேல் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அரூர்: பாட்டு வரிசை மாறி மாறி வருகிறது, என்ன செய்வது?

முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை: அஞ்செட்டி பக்கம் காட்டுக்குள் போனால் சிக்னல் இல்லாமல் பாட்டு நின்றுவிடுகிறது. ஆப்பில் டவுன்லோடு செய்ததை பென் டிரைவில் ஏற்ற முடியுமா?

முடியாது. பூட்டுப் போட்டுத்தான் இறக்குகிறார்கள், அந்த ஆப்புக்குள் மட்டும்தான் பாடும். சிக்னல் இல்லாத இடத்தில் போனிலிருந்தே ஓடவிடுங்கள். கிளம்புவதற்கு முன்பே பட்டியலைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், வளைவில் போனைத் தடவ வேண்டாம்.

பென்னாகரம்: என் அப்பா தெருக்கூத்து ரசிகர். எங்கள் ஊர்த் திருவிழாவில் 1990-களில் பதிவு செய்த 'அர்ச்சுனன் தபசு' கேசட்கள் ஐந்து இருக்கின்றன. ஸ்டுடியோவில் கொடுத்து எம்பி3 ஆக்கினோம். ஒரே ஃபைல், ஏழு மணி நேரம். காரில் போட்டால் ஒவ்வொரு முறையும் கட்டியங்காரன் வருகையிலிருந்து தொடங்குகிறது. ஓட்டிப் பார்த்தால் எங்கேயோ போய் நிற்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் இடத்தைக் கேட்க அப்பா ஆசைப்படுகிறார்.

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருக்கலாம் போலிருக்கிறது. முழுசாகச் சொல்கிறேன்.

'எங்கேயோ போய் நிற்கிறது' என்பதற்குக் காரணம், ஃபைலை மாறும் பிட் ரேட்டில், அதாவது நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு இடத்துக்கு இடம் மாறும்படி, செய்திருப்பார்கள். மொத்த நீளத்தைச் சொல்லும் குறிப்பு ஃபைலின் தொடக்கத்தில் இல்லாவிட்டால் செட் நேரத்தை உத்தேசமாகத்தான் கணக்குப் போடும். அது தப்பினால் நீங்கள் நினைத்த இடத்தில் இறங்காது. மாறாத பிட் ரேட்டில் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

ஒரு பக்கச் சத்தத்துக்குக் காரணம் பதிவே ஒற்றை மைக்கில், ஒற்றைத் தடத்தில் நடந்திருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, சத்தம் வரும் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மோனோவாக மாற்றினால் எல்லா ஸ்பீக்கரிலும் வரும்.

அப்புறம் வெட்டுவது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேஷம் எப்போது திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறது, எங்கே பாட்டு முடிந்து வசனம் தொடங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நேரத்தைக் குறித்துக்கொண்டு, எம்பி3டைரக்ட்கட் மென்பொருளில் அந்த இடங்களில் வெட்டுங்கள். மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டித் தருவதால் தரம் குறையாது. 001 கட்டியங்காரன், 002 திரைப் பிரவேசம் என்று பெயர் வைத்தால் மரம் ஏறும் கட்டத்துக்கு நேராகப் போய்விடலாம்.

முகவீணை என்ற ஊதுகருவியின் ஒலி கீச்சென்று கேட்டாலோ ஹார்மோனியம் ஏறி இறங்கி ஆடினாலோ, கேசட்டிலிருந்தே மறுபடி எடுக்கலாம். கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் எடுங்கள், ஒட்டியிருக்கும் நாடா இளகும். டெக்கின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். முதலில் சுருக்காத வேவ் ஃபைலாக எடுத்து வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள், எம்பி3 அதற்குப் பிறகு. கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சினிமாப் பாட்டு தொலைந்தால் வேறு எங்காவது கிடைக்கும். உங்கள் ஊரில் அந்த இரவில் ஆடிய கூத்து அந்த ஐந்து கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

பர்கூர்: ஃபிளாக் ஃபைல்தான் உயர்ந்தது என்கிறார்கள். மாற்றட்டுமா?

ஃபிளாக் என்பது தரம் குறையாமல் சுருக்கும் முறை. சிடியிலிருந்து நேராக எடுத்தால் சிடியின் தரம் அப்படியே இருக்கும், வீட்டில் சேமிக்க நல்லது. காரில் டயர் சத்தம், காற்றுச் சத்தத்துக்கு நடுவில் 320 எம்பி3-க்கும் அதற்கும் என் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3-யை ஃபிளாக் ஆக்கினால் ஃபைல் பெரிசாகும், போன தரம் திரும்ப வராது. புளூடூத்தில் கேட்பவர்களுக்குச் சுத்தமாகப் பயனில்லை, போன் மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது.

காரிமங்கலம்: பாட்டு நம்பர்படி வரவில்லை.

முதல் பதில். கேட்பதற்கு முன்னால் மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், இது மூன்றாவது முறை.

ஊத்தங்கரை: வண்டியை நிறுத்தி எடுத்தால் விட்ட இடத்திலிருந்து பாடாமல் முதல் பாட்டிலிருந்தே தொடங்குகிறது. வண்டியோடு வந்ததில்லை, வெளிக் கடையில் மாட்டிய செட்.

செட்டில் மணி சரியாகக் காட்டுகிறதா, எஃப்எம் ஸ்டேஷன்கள் நினைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் அழிந்திருந்தால் ஒயர் தவறு. மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வாங்க வேண்டும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துச் சாவி லைனில் முறுக்கிவிடுகிறார்கள். சாவியை எடுத்ததும் செட்டுக்கு எல்லாமே மறந்துவிடும். மாட்டியவரிடமே போய்ப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. மணி சரியாக இருந்தால் பென் டிரைவில் உள்ள கல்யாண வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அவற்றையும் துழாவி முடிக்க முடியாமல் சில செட்கள் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

சேலம் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகள் எத்தனை பேரை எடுத்திருக்கின்றன என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அங்கே திரையில் பாட்டுத் தேடாதீர்கள். பிடிக்காத பாட்டு வந்தாலும் சமவெளி வரும் வரை பாடட்டும்.

காவேரிப்பட்டணம் ஆசிரியர், மீண்டும்: ஜான்ராவில் எழுதினேன், எம்.ஜி.ஆர். பாட்டு 212-ம் வந்துவிட்டது. மகன் உட்கார்ந்து சிவாஜி பாட்டும் எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு பாட்டில் மட்டும் எழுத முடியவில்லை, 'ரீட் ஒன்லி' என்கிறது.

அந்த ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி டிக்கை எடுத்துவிடுங்கள் ஐயா. சிடியிலிருந்து காப்பி செய்ததாக இருக்கும்.