வெளுத்துப்போன பயண டிரெய்லரில் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) கை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. நல்ல மெழுகு பூசினால் பழைய பளபளப்பு திரும்புமா?

மெழுகு மட்டும் பூசினால் திரும்பாது. சில நாள் மினுங்கிவிட்டு மறுபடி வெளுக்கும். அரிசோனா வெயிலில் நிற்கும் எங்கள் டிரெய்லரைப் பராமரித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கையில் ஒட்டுவது அழுக்கு அல்ல. ஃபைபர்கிளாஸ் சுவரின் மேல் ஜெல்கோட் என்ற, நிறமி கலந்த பாலியெஸ்டர் பிசின் படலம் இருக்கும். புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிசினைச் சிதைத்துவிடுவதால், பிடிப்பு இழந்த நிறமிதான் பொடியாக உதிர்கிறது. செத்துப்போன அந்த மேற்பரப்பை எடுக்காமல் எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு.

முதலில் சுவரில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரத்தில் பழைய நிறம் தெரிந்தால் மீட்க வழி இருக்கிறது. ஆனால் எல்லா டிரெய்லரும் ஜெல்கோட் அல்ல. கார்போல வண்ணத்தின் மேல் கிளியர்கோட் என்ற நிறமற்ற பூச்சு அடித்தவையும் உண்டு; வண்ணம் பூசிய அலுமினியத் தகடு போர்த்தியவையும் உண்டு. கிளியர்கோட் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் பாலிஷ் உதவாது, புதிதாகப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும்.

ஜெல்கோட்தான் என்றால், நன்றாகக் கழுவிக் காயவிட்டு, மூலையில் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுக் காம்பவுண்ட் (மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசை) போடுங்கள். நிழலில், சுவர் சூடில்லாத நேரத்தில், இரண்டடிக்கு இரண்டடியாக நகருங்கள். கையால் தேய்த்து முடிக்கும் வேலை அல்ல இது; பாலிஷ் எந்திரம் வேண்டும். புதியவர்களுக்கு அதிர்ந்து சுழலும் டூயல் ஆக்‌ஷன் வகையே பாதுகாப்பு. வேகமாகச் சுழலும் ரோட்டரி எந்திரத்தில் கம்பளி பேட் மாட்டி ஒரே இடத்தில் நிறுத்தினால், விளிம்புகளில் ஜெல்கோட் தேய்ந்து அடியிலுள்ள ஃபைபர் தெரிந்துவிடும். மிக மோசமான இடங்களுக்கு மட்டும் 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாக ஈரத்தில் தேய்க்கலாம். பிறகு மென்மையான பாலிஷ், கடைசியில்தான் மெழுகு அல்லது பாலிமர் சீலன்ட் என்ற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு.

தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷைப் பூசினால் புதிதுபோல ஆகும் என்று பலர் சொல்வார்கள். முதல் நாளில் உண்மைதான். நாளடைவில் அது மஞ்சளித்துத் தோலாக உரியும். அதைச் சுரண்டி எடுப்பது காம்பவுண்ட் போடுவதைவிடப் பெரிய பாடு. எனக்கு அந்தக் குறுக்குவழியில் நம்பிக்கை இல்லை.

பக்கவாட்டு ஸ்டிக்கர்களின் மேல் எந்திரத்தை ஓட்டாதீர்கள், ஓரம் பிய்ந்துவரும். அவற்றை மாற்றுவதாக இருந்தால் பாலிஷுக்கு முன்பே எடுங்கள். அடியில் வெயில் படாத ஜெல்கோட் பழைய நிறத்தோடு அச்சாக நிற்கும். சுற்றுப்புறத்தை எவ்வளவு தேய்த்தாலும் அந்த வேறுபாடு முழுதாக மறைவது கடினம்.

கூரையையும் பாருங்கள். ஈபிடிஎம் ரப்பர் கூரை தானே பொடி உதிர்க்கும், மழையில் சுவரில் வெள்ளைக் கோடுகளாக வழியும். அதைப் பெட்ரோலியம் கலந்த கிளீனரால் துடைத்தால் ரப்பர் ஊதிவிடும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும். மெழுகை எங்கள் வெயிலுக்கு வருடம் இரண்டு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஷெட்டுக்குள் நிற்கும் டிரெய்லருக்கு ஒரு முறையே தாராளம்.