டூயல் கிரெடிட்டா, ஏபியா? டெக்சாஸுக்குப் புதிதாக வந்த அப்பாவுக்கு

வணக்கம் சகோ. டல்லாஸ் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மகள் பத்தாம் வகுப்பு, எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது), ஸ்கூல் கவுன்சலர் டூயல் கிரெடிட் (ஹைஸ்கூலில் இருக்கும்போதே காலேஜ் கிரெடிட்டும் தரும் பாடங்கள்) பட்டியலை நீட்டிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலில் இருப்பதையெல்லாம் எடுத்தால் காலேஜை ரெண்டே வருஷத்தில் முடித்துவிடலாமா, இல்லை ஏபி (ஹைஸ்கூலில் படித்துப் பரீட்சை எழுதும் காலேஜ் நிலைப் பாடங்கள்) நல்லதா என்பது உங்கள் கேள்வி.

என்ஜினியரிங் என்றால் ரெண்டு வருஷம் நடக்காது. டிகிரிக்குக் குறைந்தது 120 கிரெடிட் (பாட அலகு) வேண்டும். ஆனால் எதையாவது 120 சேர்த்தால் போதாது, எந்தப் பாடம் எந்த இடத்துக்கு என்று டிகிரி பிளானில் எழுதியிருக்கும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் அதில் 42 கிரெடிட் கோர், அதாவது பொதுப் பாடங்கள். இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 (எண்கள் பாடக் குறியீடுகள்) இவையெல்லாம் எந்த கம்யூனிட்டி காலேஜ் வழியாக எடுத்தாலும் அப்படியே செல்லும். இவற்றில் கைவைக்கத் தயங்க வேண்டாம். மேஜர் பாடங்கள் வேறு மாதிரி: கால்குலஸ் 1 முடித்தால்தான் 2, அதை முடித்தால்தான் அடுத்தது. கையில் 50 கிரெடிட் இருந்தாலும் அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது.

பலர் மாட்டுவது கணக்கில். பட்டியலில் காலேஜ் அல்ஜீப்ரா 1314, பிசினஸ் கால்குலஸ் 1325 இரண்டும் இருக்கும், பாஸாவதும் சுலபம். என்ஜினியரிங் கேட்பதோ 2413, அதாவது கால்குலஸ் 1. முன்னவை இரண்டும் டிரான்ஸ்கிரிப்டில் (காலேஜ் மதிப்பெண் பட்டியலில்) பத்திரமாக இருக்கும், டிகிரிக்கு ஒரு காசு பிரயோஜனம் இருக்காது.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்கக் கல்வித் துறையின் வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2017-இல் டூயல் என்ரோல்மென்ட் (டூயல் கிரெடிட் போன்ற திட்டங்களின் பொதுப் பெயர்) ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காலேஜில் சேர்வது, கிரெடிட் சேர்ப்பது, டிகிரி முடிப்பது எல்லாவற்றிலும் நல்ல விளைவு தெரிந்தது. ஆனால் ஸ்கூல் கூட்டங்களில் காட்டும் ஸ்லைடுகளைப் பாதிக்குப் பாதி நம்புங்கள். இந்த வகுப்புகளுக்குப் போவதே பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். எடுக்காதவர்களோடு நேரடியாக ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும்.

இனி மதிப்பெண். டூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு, 16 வயதிலேயே நிரந்தரக் காலேஜ் ரெக்கார்டில் ஏறிவிடும். சேரும் பல்கலைக்கழகம் பெரும்பாலும் கிரெடிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும், கிரேடைத் தன் ஜிபிஏவில் (கிரேடு சராசரியில்) சேர்க்காது. மெடிக்கல் காலேஜ் விண்ணப்பத்தில் அப்படி இல்லை. ஹைஸ்கூலில் எடுத்த காலேஜ் பாடமும் அங்கே கணக்கில் வரும். அந்த டிரான்ஸ்கிரிப்டை மறைக்கவும் முடியாது. ஒரு வகுப்பு சரிப்படாது என்று தெரிந்தால், 16 வார செமஸ்டரில் 12-ஆவது வகுப்பு நாளுக்குள் விலகுங்கள், ரெக்கார்டில் எதுவும் இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் 'டபிள்யூ' (விலகியதைக் காட்டும் குறி) விழும்.

ஏபியில் இந்தப் பயம் இல்லை. மே மாதப் பரீட்சை, 1 முதல் 5 வரை ஸ்கோர், ஒரு பாடத்துக்குச் சுமார் 100 டாலர். ஸ்கோர் குறைந்தால் பெரும்பாலும் அனுப்பாமலே விட்டுவிடலாம். பரீட்சைக்கு வழக்கமான பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்றால் தாமதக் கட்டணம் கட்ட நேரும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 3-க்கே கிரெடிட் தர வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. வெளி மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் மனதில் இருந்தால் ஏபிதான் ஓரளவு எடுபடும். அதிலும் டார்ட்மவுத் மாதிரி இடங்களில் ஏபிக்கும் டிகிரி கிரெடிட் கிடையாது.

கால்குலஸ் ஏபியில் 3 வாங்கிவிட்டு நேராகக் கால்குலஸ் 2-இல் உட்கார்வது ஆபத்து. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (யூடி) ஏபி கிரெடிட்டை நாமாகக் கோரினால்தான் ஏறும். அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்றால் கோராமல் கால்குலஸ் 1-ஐ மறுபடி படிக்கட்டும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எச்-4 விஷயத்தைக் கவுன்சலர் சொல்ல மாட்டார், அவர் வேலையும் அதல்ல. 21 வயதில் எச்-4 முடியும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எச்-4இல் சம்பள இன்டர்ன்ஷிப்புக்கு வழியில்லை, படிப்புக்குப் பிந்தைய ஓபிடியும் (எஃப்-1 மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) இல்லை. மூணு வருஷத்தில் டிகிரியை முடித்தால் ஒரு வருஷக் கட்டணம் மிச்சம்; ஆனால் ஒரு கோடை விடுமுறையும் விசா மாற்றத்துக்கான அவகாசமும் போய்விடும். எஃப்-1இல் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும் என்பதால், பாடங்களை முன்கூட்டியே தீர்த்துவிட்டால் பின்னால் தேவையில்லாத வகுப்புக்குப் பணம் கட்ட நேரும். ஆகவே நாலு வருஷத்தை வைத்துக்கொண்டு, மிச்சமாகும் இடத்தில் டபுள் மேஜரோ ஆராய்ச்சியோ செய்வது எச்-4 பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும்.

இப்போதைக்கு, மகள் விரும்பும் ரெண்டு மூணு பல்கலைக்கழகங்களின் டிகிரி பிளானை இறக்கிக்கொண்டு, கவுன்சலரின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அதில் தேடுங்கள். இங்கிலீஷ், ஹிஸ்டரி, கவர்ன்மென்ட் டூயல் கிரெடிட்டில். கால்குலஸ், பிசிக்ஸ் ஏபியில். கோர் பாடத்தில் ஆர்ட்ஸ் இடம் ஒன்று இருக்கும். ஆர்ட் அப்ரிசியேஷன் 1301 கிடைத்தால் கோடையில் முடித்துவிடச் சொல்லுங்கள்.